ஆறுக்கு நாலு, ரெண்டு

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி என் கடை.
காதணி விழா, புதுமனை, பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி
எல்லாவற்றுக்கும் ஒரே ஃபாண்ட்.
நாலாயிரத்து இருநூறு கொடுத்து வாங்கியது,
மேசைக் கம்ப்யூட்டருக்கு.

ஐப்பசி மழையில் மூன்று நாள் கரண்ட் போனதும்
லேப்டாப் ஒன்று வாங்கி
அதிலும் ஏற்றினேன்.
ழ வரவேண்டிய இடத்தில் கட்டம்.
நாலு பக்கமும் கல் நட்டு
யாரும் வீடு கட்டாத மனை மாதிரி.

கம்பெனிக்கு ஃபோன் போட்டேன்.
"அது வேற டிவைஸ் சார்."
"ஆளு நான்தானம்மா."
"ஆள் கணக்கு இல்ல சார். டிவைஸ்தான் கணக்கு."
இன்னொரு நாலாயிரத்து இருநூறு.
செல்லில் வேண்டுமென்றால்
மாதம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது, அது தனி.

அன்று நான் திட்டியது
முள்ளியாற்றுப் பாலம்வரை கேட்டிருக்கும்.
செருப்பு வாங்குறோம்,
வாசலுக்கு ஒரு விலை, கொல்லைக்கு ஒரு விலையா?
டீக்கடை ஹாஜா கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
"அதே தூள்ல ரெண்டாந்தண்ணி விட்டுத்தான் தர்றேன்.
நீ காசு கொடுக்காமயா போற?"

தை பதினேழு. சம்பா அறுப்பு.
மிஷின் புரோக்கர் அழகுசுந்தரம்
சேற்றில் இறங்கிய டயரைப் பார்க்கப் போனவர்
வரப்பில் உட்கார்ந்தார். எழவில்லை.
எனக்கும் தெரிந்தவர்தான்,
போன வருஷ விசிட்டிங் கார்டில் பாதிப் பணம் பாக்கி.

ராத்திரி ஒன்பதுக்குக் கச்சனத்திலிருந்து மூத்த மகன்.
ஆறுக்கு நாலு, விடியறதுக்குள்ள.
ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம்,
யாரோ வெட்டி அனுப்பியது.
வெட்டியவர் அவசரத்தில்
தோளில் நாலு விரலை விட்டுவிட்டார்.
அந்த விரல்களை அழித்துச் சட்டையாக்க
அரைமணி நேரம் ஆனது.
தோற்றம், மறைவு, இரண்டு தீபம்,
அடியில்: மனைவி தையல்நாயகி, மகன்கள், பேரப்பிள்ளைகள்.

பத்தேமுக்காலுக்கு எடையூரிலிருந்து ஒரு பெண்,
பிளஸ் டூ வயசு,
பின்னால் தாய்மாமன், பைக்கை நிறுத்தாமல்.
செல்லை நீட்டினாள்.
அதே சட்டை, அதே சிரிப்பு.
ஆனால் படம் முழுசாக இருந்தது:
விரல்கள், கை, பச்சை வளையல்,
வளையலுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா.

"அம்மாவ எடுத்துடுங்கண்ணே.
கை இருக்கட்டும்."

மேசைக் கம்ப்யூட்டர் கச்சனத்தை அச்சடித்துக்கொண்டிருந்தது.
லேப்டாப்பைத் திறந்தேன்.
அதே ஃபைல். அதே தேதி. அதே தீபம்.
அழித்த விரல்களைத் திரும்பக் கொண்டுவந்தேன்,
அது ஒரு நிமிஷ வேலை.
அடிவரியில் தையல்நாயகியை எடுத்து
மலர்க்கொடி என்று அடித்தேன்.
"மனைவி"யை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"டிசைன் முந்நூறு, ஃபிளக்ஸ் தனி."
என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

திரையைப் பார்த்தபடி நின்றாள்.
"கச்சனத்துக்கும் நீங்கதானா?"
"ஆமா."
"அப்ப அதேதானேண்ணே.
பேரு மட்டுந்தானே மாறுது?"

வீடு வேறம்மா
என்பது தொண்டைவரை வந்தது.
அந்தக் கம்பெனிப் பெண்ணின் குரலிலேயே வந்தது.
விழுங்கினேன்.
அதற்குள் மாமன் பைக்கிலிருந்து இறங்கி
எண்ணிக் கொடுத்துவிட்டார், சில்லறையோடு.
நான் வாங்கிக் கல்லாவில் போட்டேன்.
அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

விடியற்காலை நாலரைக்கு
இரண்டு சுருளும் ஒரே சணலில் கட்டிக் கிடந்தன.
அவிழ்த்து,
ஒன்றை வடக்கே போகும் பால் வண்டியில் ஏற்றினேன்.
ஒன்று தெற்கே போனது.
உடல் எந்த வீட்டில் இருக்கிறது என்று
நான் கேட்கவில்லை.

ஏற்றுவதற்கு முன் பிரித்துப் பார்த்தேன்,
மை காய்ந்துவிட்டதா என்று.
இரண்டிலும்
ழ சுத்தமாக விழுந்திருந்தது.